எழுதி வைத்தலும் கொடுத்தலும்

இறுதி இரவுணவின்போது ஆண்டவர் தம் சீடர்க்கு ஆட்சியுரிமை வழங்குகிறார். தந்தை தமக்குச் செய்ததையே தாமும் அவர்களுக்குச் செய்வதாக லூக்கா 22:29இல் மொழிகிறார். இவ்விரு செயலுக்கும் கிரேக்க மூலத்தில் வினை ஒன்றே: 'தியாதிதேமாய்'. ஒருவர் தம் உடைமையை எழுதி வைப்பதற்கும், இறைவன் உடன்படிக்கை செய்வதற்கும் அம்மொழியில் வழங்கும் சொல் இது. 1995இல் வெளிவந்த நமது திருவிவிலியம் இவ்விடத்தில் 'கொடுத்தல்' என்பதோடு நின்றுவிடுகிறது. தவறென்று கூறமாட்டோம், ஆயினும் இழப்புச் சிறிதன்று.

அதே அதிகாரத்தின் 20ஆம் வசனத்தில், கிண்ணத்தைக் குறித்து மொழியும்போது வரும் 'உடன்படிக்கை'க்கு மூலச்சொல் 'தியாதேக்கே'. அது இவ்வினையிலிருந்தே பிறந்த பெயர். ஒன்பது வசன இடைவெளியில் பெயரும் வினையும் ஒன்றையொன்று அழைக்கின்றன. தமிழில் அவ்வழைப்பு நம் செவிக்கு எட்டுவதில்லை. சீர்திருத்த சபையாரின் பழைய மொழிபெயர்ப்போ 'ஏற்படுத்துதல்' என்கிறது. 'புதிய ஏற்பாடு' என நூலுக்கே நாம் வழங்கும் பெயரோடு உறவுடைய வினை அது. இப்பெருமையை அவர்களுக்கு அளிப்பதில் நமக்குத் தயக்கமில்லை.

மேலும், உடன்படிக்கை என்பது இருவர் உடன்பட்டுச் செய்வது. எபிரேய 'பெரித்' என்னும் சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர், இருதரப்பு ஒப்பந்தத்தைக் குறிக்கும் 'சுன்தேக்கே'யைத் தவிர்த்து, 'தியாதேக்கே'யைத் தேர்ந்தனர். தருபவர் ஒருவரே; பெறுவோர் பேரம் பேசுவதில்லை.

நம் மக்கள் வழக்கில் இதற்கு நேரான வினை உண்டு: 'எழுதி வைத்தல்'. உயிலுக்கும் அதுவே சொல். எழுதியவர் உயிரோடிருக்கையிலேயே உரிமை கைமாறும் செட்டில்மெண்டுக்கும் அதுவே சொல். உயில் அவர் இறந்த பின்னரே பலிக்கும். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, சுயபுத்தியோடு வாழும்வரை அவர் அதை மாற்றவும் செய்யலாம். லூக்காவின் வசனத்திற்கு இவ்விரு பொருளும் வேண்டியிருக்கிறது. தந்தை இறப்பவர் அல்லர். ஆகவே அவர் மகனுக்கு அளித்தது உயிலாக இருக்க முடியாது. மகனோ மறுநாள் மாலைக்குள் இறக்கப் போகிறவர். 'விட்டுச் செல்லுதல்' என்றால் தந்தைக்குப் பொருந்தாது. 'கொடுத்தல்' என்றால் மகனின் சாவு மறைந்துவிடுகிறது.

'எழுதி வைத்தல்' பத்திர அலுவலகச் சொல்லாயிற்றே, பீடத்தில் வாசிக்கத் தகுமா என வினவுவோர் உளர். எகிப்தில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில், சாதாரணக் குடும்பத்தார் வீடும் நிலமும் எழுதி வைத்ததும் இதே கிரேக்கச் சொல்லால்தான். எபிரேயர் திருமுக ஆசிரியரும் அதற்கு நாணவில்லை. 9ஆம் அதிகாரத்தில் 15ஆம் வசனத்தின் உடன்படிக்கையிலிருந்து 16ஆம் வசனத்தின் உயிலுக்குச் சொல் மாறாமலே அவர் கடந்துவிடுகிறார். மொழிபெயர்ப்பாளரோ அங்கு வேறு சொல்லுக்குத் தாவ நேர்கிறது. அவருடைய வாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல் நிற்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியில்லை.