குறைவது நீர், நிற்பது உப்பு

கடல்மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க முற்படுகிறவர் கொழும்பில் வசிப்பவராயினும் சென்னையில் வசிப்பவராயினும், மீனின் வர்ணத்தில் மயங்குவதற்கு முன்னர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம், தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு அப்படியே நின்றுவிடுகிறது என்பதாகும். நூறு லிட்டர்த் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் மூன்றரைக் கிலோ உப்புக் கரைந்திருக்கிறது. ஐந்து லிட்டர் ஆவியாகிவிட்டால், அதே மூன்றரைக் கிலோ 95 லிட்டரில் அடங்கி, உவர்ப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராமாக உயர்ந்துவிடுகிறது. அக்குறையை நன்னீரால் நிரப்புகிறவர் பழைய நிலையை மீட்டுவிடுகிறார். கடல்மீனுக்குக் கடல்நீர்தானே உரியது என்று எண்ணி உப்புநீரையே ஊற்றுகிறவரோ, ஒவ்வொரு முறையும் 175 கிராம் உப்பைக் கூட்டிக்கொண்டே போய், நான்கே முறையில் 42 கிராம் என்ற, செங்கடலையும் விஞ்சிய உவர்ப்பில் தம் மீன்களைக் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்.

மீன் இந்த மாறுதலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். கடலில் வாழும் முள்மீன்களின் உடலிலிருந்து நீர் சதா வெளியேறிக்கொண்டிருப்பதால், அவை கடல்நீரைக் குடித்துக் குடித்து, அதனோடு வந்த மிகுதி உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகின்றன. உவர்ப்பு ஏறினால் அந்த உழைப்பும் ஏறுகிறது, அவ்வளவே. நட்சத்திர மீன், கடற்சாமந்தி, பவளம் ஆகிய பிராணிகளுக்கோ அத்தகைய சக்தி இல்லை. வெளிநீர் எப்படியோ அப்படியே அவற்றின் உள்நீரும் மாறிவிடுகிறது. ஆகவே தொட்டியின் உவர்ப்பு 33 ஆக இருக்கிறதா 35 ஆக இருக்கிறதா என்பதைவிட, நேற்று இருந்தது இன்றும் இருக்கிறதா என்ற கேள்வியே முக்கியமானது.

பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் உவர்ப்பை மாறாமல் காக்கும் இக்காரியம் செய்யப்படும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தால், வேறுபாடு திறமையில் இல்லை, நீர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இலங்கையில் வர்ணக் கடல்மீன்களை உயிருடன் பிடித்து ஆகாய மார்க்கமாக அயல்நாடுகளுக்கு அனுப்பும் தொழில் பல தசாப்தங்களாக நடந்துவருகிறது. தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றியவரும், கடலடியில் மூழ்கி மீன்களை நேரிற் கண்டு ஆராய்ந்தவருமான ரொட்னி ஜொங்க்லாஸ் அதன் முன்னோடிகளுள் ஒருவர். கடற்கரைக்கு அண்மையிலுள்ள அத்தொழிற்கூடங்கள் இயற்கைக் கடல்நீரையே நம்பியிருக்க, அவற்றைப் பார்த்துப் பழகிய வீட்டு வளர்ப்பாளர்களும் பவுசரிலோ பிளாஸ்டிக் கலனிலோ வரும் கடல்நீரை, இருட்டில் சில நாள் தங்கவைத்து, வடித்துப் பயன்படுத்துவதையே விரும்புகிறார்கள்.

சென்னையின் சரித்திரமும் அவ்வாறு கடற்கரையிலேயேதான் தொடங்கியது. 1909ஆம் ஆண்டிலேயே மெரினாக் கரையில் கடல்வாழ் உயிர்களுக்கென ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்டது. இன்று கூவமும் அடையாறும் நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துவந்து கலக்கும் அக்கரையிலிருந்து ஒரு வாளி நீரை முகந்து பவளத்துக்கு ஊற்ற அறிந்தவர் எவரும் துணியார். அதனால் சென்னைவாசியும், கடலையே காணாத பெங்களூர்வாசியும், வெளிநாட்டிலிருந்து வரும் செயற்கை உப்பை நன்னீரில் கலந்து, ஒரு நாள் முழுதும் சுழலவிட்டு, தமக்கென ஒரு சமுத்திரத்தைத் தாமே தயாரித்துக்கொள்கிறார்கள். கடற்கரை ஊரான மண்டபம் இதற்கு விலக்கு. ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரைத் தடுத்துவைத்துப் பரிசோதித்த முகாம் இருந்த அவ்வூரில், இன்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கூடம் மன்னார் வளைகுடாவையும் பாக்கு விரிகுடாவையும் இரு பக்கத்திலும் வைத்துக்கொண்டு கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்கிறது.

இயற்கை நீர் விலை குறைந்தது, உயிர்களுக்கு இயல்பாய் ஒத்தது. ஆனால் அதன் உவர்ப்பு ஆண்டு முழுதும் ஒன்றாய் இருப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் தென்மேற்குப் பருவமழை பொழிய, களனி கங்கை பெருக்கெடுத்துக் கொழும்பின் வடபாலுள்ள முகத்துவாரத்தில் கலக்கும்போது, எடை குறைந்த அந்த நன்னீர் உப்புநீரின் மேலே விரிந்து பரவுவதால், மேல்மட்டத்தில் முகந்தவருக்கு 30 கிராமுக்கும் குறைந்த நீரே அகப்படலாம். ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் இதே ஆபத்து நேர்வது வேறு பருவத்தில்: ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்கு மழைக்குப் பின், வங்கக் கடலின் உவர்ப்புக் குறைந்த நீர் தெற்கே இறங்கிப் பாக்கு விரிகுடாவை நிரப்புகிறது. ஆகையால் அனுபவசாலியான இலங்கை வளர்ப்பாளர் மழைக்கு முன்னரே, ஆற்றுமுகத்துக்கு வெகு தூரத்தில் நீரை எடுத்துச் சேமித்துவைக்கிறார்; எடுத்த நீரை உவர்ப்பளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்க்காமல் தொட்டியில் விடுவதில்லை. பாக்கெட் உப்பை நிறுத்துக் கலக்கும் சென்னைக்காரருக்கோ, கணக்குச் சரியாக இருக்கும் என்ற நம்பிக்கையில் அப்பரிசோதனையை விட்டுவிடும் சுபாவம் எளிதில் வந்துவிடுகிறது. திறந்து வைத்த உப்பு நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டிபட்டுவிடும். ஒரு கிலோவென்று நிறுத்ததில் கணிசமான பகுதி நீராகவே இருக்கும்.

குறைந்த மட்டத்தை நிரப்பும் நன்னீரின் விஷயத்தில் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. கொழும்புக்குக் குழாய்நீர் வருவது களனி கங்கையின் அம்பத்தலையிலிருந்தும், லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும்; அது கனிமம் குறைந்த மென்னீர். குளோரினைப் போக்கிவிட்டால் அதை அச்சமின்றி ஊற்றலாம் என்று பலர் கருதுகிறார்கள், அது பெரிதும் தவறாவதும் இல்லை. சென்னையின் ஆழ்குழாய் நீரிலோ லிட்டருக்கு ஒரு கிராம் கனிமம் இருப்பது அபூர்வமன்று. வாரம் ஐந்து லிட்டர் ஊற்றினால் ஓராண்டில் 260 கிராம் வேண்டாத சுண்ணமும் பிறவும் தொட்டியில் தங்குகின்றன. ஆவி அவற்றையும் எடுத்துச் செல்லாது. ஆகவே கனிமத்தை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இங்கே தவிர்க்கவொண்ணாதது. அது ஒரு குடம் நல்ல நீரைத் தர இரண்டு மூன்று குடங்களைக் கழித்துவிடுகிறது என்பதை, ஏரிகள் வறண்டு நகரமே லாரித் தண்ணீருக்குக் காத்துநின்ற 2019ஆம் ஆண்டுக் கோடையைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். கழிந்த நீரை வாளியில் பிடித்து வீடு கழுவவும் செடிக்கு ஊற்றவும் பயன்படுத்தும் வீடுகளை நான் மதிக்கிறேன். யாழ்ப்பாணம் இவ்விஷயத்தில் கொழும்பைச் சேர்ந்ததன்று. சுண்ணாம்புப் பாறையினூடே ஊறும் அதன் கிணற்று நீர் கடினமானது. தோட்டங்களுக்கு இடும் உரத்தின் நைட்ரேட்டும் அதில் கலந்திருப்பதால், அங்கே ஆர்.ஓ. நீரல்லாமல் வேறு நீரைத் தொட்டிக்குக் காட்டலாகாது.

ஆவியாகும் அளவைச் சீதோஷ்ணம் தீர்மானிக்கிறது. கொழும்பின் ஈரக் காற்றில் நீர் மெல்லக் குறைகிறது. மதுரையின் கத்திரி வெயிலிலும், யாழ்ப்பாணத்துச் சோளகத்திலும், மட்டக்களப்பில் வறண்டு வீசும் கச்சானிலும் அது விரைந்து குறைகிறது. சூட்டைத் தணிக்க நீர்ப்பரப்பின்மேல் விசிறி வைப்பது இரு நாட்டிலும் வழக்கம். நூறு லிட்டர்த் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியாகும்போது, தொட்டியை ஏறக்குறைய ஆறு பாகை குளிர்விக்கக்கூடிய வெப்பம் அதனுடன் செல்கிறது. குளிர்ச்சி வேண்டுமென்றால் மட்டம் குறைவதையும் ஏற்றுக்கொண்டே ஆகவேண்டும்.

மட்டம் எங்கே குறைகிறது என்பதிலும் கவனம் வேண்டும். மேல்தொட்டி வழிந்து கீழேயுள்ள சம்ப் என்னும் தொட்டியில் விழுந்து, பம்பினால் மீண்டும் மேலேறும் அமைப்பில், மேல்தொட்டியின் மட்டம் வழிவாயின் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. குறைவெல்லாம் பம்பு இருக்கும் அறையில்தான் தெரியும். மின்சாரம் நின்றால் குழாய்களிலும் மேல்தொட்டியிலும் மிகுந்திருந்த நீர் ஒருசேரக் கீழே இறங்குகிறது. சம்ப்பில் அதற்கு இடம் விடாதவர் வீட்டில் உப்புநீர் தரையில் வழியும். மின்சாரம் திரும்பி, பம்பு நீரை மேலே ஏற்றியவுடன் அந்த அறையில் மட்டம் தாழ்ந்திருப்பதைக் கண்டு, குறைந்த நீரைத் தானாக நிரப்புவதற்கென வைத்த மிதவை வால்வு, ஆவியாகிக் குறைந்ததாகவே கொண்டு நன்னீரைத் திறந்துவிடும். தரையில் போனது உப்புநீர், ஈடாக வந்தது நன்னீர். மட்டம் சரியாக இருக்கும், உவர்ப்பு விழுந்திருக்கும். 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தபோது இக்குற்றம் உள்ள அமைப்புகளெல்லாம் சோதனைக்குள்ளாயின; தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்வெர்ட்டர் இருப்பதால் அதே குற்றம் பல ஆண்டுகள் வெளிப்படாமல் மறைந்துகிடக்கக்கூடும். பம்பை நாமே நிறுத்திப் பார்த்து, நீர் முழுதும் இறங்கியபின் அது எட்டிய உயரத்தைக் கண்ணாடியில் குறித்து, அதற்கேற்பச் சம்ப்பின் வழக்கமான மட்டத்தைத் தாழ்த்திக்கொள்ள அரைமணி நேரம் போதும்.

காலையில் சொம்பால் நிரப்பும் பழக்கமா, மிதவை வால்வா என்று கேட்டால், வெளியூர்ப் பயணம் உள்ளவர்க்கு வால்வே உசிதம். ஆயின் அதற்கு நீர் கொடுக்கும் பாத்திரம் சிறிதாக இருக்கவேண்டும். மாடித் தொட்டிக் குழாயோடு வால்வை நேராகப் பிணைத்துவிடும் வழக்கத்தை இரு கரையிலும் உள்ளவர்கள் கைவிட வேண்டும். இருநூறு லிட்டர் அமைப்புக்குப் பத்து லிட்டர்ப் பாத்திரம் வைத்தால், வால்வு சிக்கி முழுதும் இறங்கிவிட்டாலும் 35 கிராம் 33க்குக் கீழே போகாது. அதைப் பவளமும் பொறுத்துக்கொள்ளும்.