பூட்டும் சாவியும்: மூன்றில் இரண்டை நம்பியிருப்பவர்களுக்கு

நான் தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். ஒரு நாள் குடியுரிமைக் கல்விப் பாடத்துக்கு ஆசிரியர் வராததால், பதினோராம் தரத்துக்கு என்னை அனுப்பினார்கள். அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும், அது சிறுபான்மையினருக்கு ஒரு பூட்டு மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தோட்டத்து லயத்திலிருந்து வருகிற ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "பூட்டு இருந்துச்சுன்னா எங்க பூட்டனோட ஓட்டு எப்படி சேர் போச்சு?"

மணி அடித்து நான் தப்பிவிட்டேன். கேள்வி தப்பவிடவில்லை. நம் சமூகத்தில் மேடைக்கு மேடை கேட்கிற ஒரு வாதத்தின் அடிமடியில் அது கைவைக்கிறது. "நமக்கு ஆட்சி வேண்டாம், தடுத்து நிறுத்துகிற பலம் இருந்தால் போதும்" என்பதுதான் அந்த வாதம். போதுமா என்று பார்ப்போம்.

பிள்ளையின் பூட்டனிலிருந்தே தொடங்கலாம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் மலையகத்தில் வென்றது. எங்கள் நுவரெலியாவில் தொண்டமான், தலவாக்கலையில் ஸி.வி. வேலுப்பிள்ளை. அப்போது நடைமுறையில் இருந்த சோல்பரி யாப்பின் 29(2) பிரிவு என்ன சொன்னது? ஒரு சமூகத்தவருக்கோ மதத்தவருக்கோ, மற்றவர்களுக்கு இல்லாத இடைஞ்சலைத் தருகிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்றது. வாசித்தால் மனம் குளிர்கிற வாசகம். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் தோட்டத்து மக்கள் பெரும்பாலோர் வெறும் பார்வையாளர்கள்.

பூட்டு ஏன் பிடிக்கவில்லை? இலக்கியம் படித்தவனுக்கு இது பிரதியை வாசிக்கிற பிரச்சினை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் "தோட்டத் தமிழன்" என்ற சொல்லே கிடையாது. தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது, அவ்வளவுதான். பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்தில் அந்தக் கேள்வி யாரை வெட்டும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். கோடாகன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்ஸில் வரை போனது. யார் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், இதில் 29(2) மீறப்படவில்லை என்று 1953இல் தீர்ப்பாயிற்று. பூட்டு சொல்லைத்தான் பார்த்தது, நோக்கத்தைப் பார்க்கவில்லை. இது தமிழருக்கு மட்டும் நேர்ந்தது என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். இந்தியாவிலிருந்து வந்து கடை வைத்திருந்த முஸ்லிம்களும் அதே வரிசையில்தான் மனுவோடு நின்றார்கள்.

29(2)ஐ மாற்றவே முடியாது என்று 1964இல் இன்னொரு வழக்கில் அதே பிரிவி கவுன்ஸில் கருத்துச் சொன்னது. 1970இல் பாராளுமன்ற உறுப்பினர்களே நவரங்கஹல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். 1972இல் புதிய யாப்பு வந்தது. 29 போயே போயிற்று. பூட்டை உடைக்கவில்லை, வீட்டையே மாற்றிவிட்டார்கள்.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2017 செப்டெம்பரில், பெண்களுக்கு இடம் கொடுப்பதற்கென்று வந்த மாகாண சபைச் சட்டமூலம் குழுநிலையில் உருமாறி, தொகுதியும் விகிதாசாரமும் பாதிக்குப் பாதி கலந்த முறையாக நிறைவேறியது. நம்மவர்களும் கை உயர்த்தினார்கள். எல்லை நிர்ணய அறிக்கை வந்த பிறகுதான் கண் திறந்தது. சிதறி வாழ்கிறவர்களுக்குத் தொகுதி என்றால் தோல்வி. கந்தப்பளை டவுனில் நாலு கடை, அக்குறணையில் ஒரு கூட்டம், மாத்தளையில் ஒரு கூட்டம் என்று இருக்கிறவர்கள் மாவட்டமாகக் கூட்டினால்தான் ஓர் ஆளை அனுப்ப முடியும். 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அறிக்கை வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்த்து 139, ஆதரித்து ஒன்றுகூட இல்லை. அறிக்கையைக் கொண்டுவந்த அமைச்சர் பைஸர் முஸ்தபாவே எதிர்த்து வாக்களித்தார். தடுப்பு வென்றது.

வென்று என்ன கண்டோம்? பழைய சட்டம் ஏற்கெனவே போய்விட்டது, புதியது ஓடவில்லை. மத்திய மாகாண சபையின் காலம் அதே வருஷம் ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர்தான் எல்லாம். பிரதிநிதித்துவத்தைக் காப்பாற்றப் போய், பிரதிநிதிகள் இருக்கிற சபையே இல்லாமல் போனது. தடுப்பு தப்பென்று சொல்லவில்லை. தடுத்த கையோடு மாற்று வரைபு ஒன்றை மேசையில் வைக்காததுதான் தப்பு.

மூன்றாவது கதைதான் வயிற்றைக் கலக்குவது. 2020 ஒக்டோபர் 22. நம் ஜனாஸாக்களை எரித்துக்கொண்டிருந்த காலம். ஜனாதிபதியின் கையை வலுப்படுத்துகிற 20ஆவது திருத்தத்துக்கு 150 வாக்கு வேண்டும். கிடைத்தது 156. எதிர்க்கட்சிப் பக்கமிருந்து வந்தவை எட்டு. கழித்துப் பாருங்கள், 148. அந்த எட்டில் ஆறு பேர் முஸ்லிம்கள், ஒருவர் மலையகத்தவர். முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எதிர்த்து வாக்களிக்க, அவருடைய உறுப்பினர்கள் நான்கு பேர் ஆதரித்தார்கள். பூட்டு நன்றாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து திறந்தவர்கள் நம்மவர்கள். எரிப்பு அதோடு நின்றதா? அடுத்த பெப்ரவரி வரை தொடர்ந்தது.

தடுப்புக்குச் சமூகம் கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது. 1957இல் அமெரிக்க செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றபடி பேசியது, கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான சட்டத்தைத் தடுக்கத்தான். பெல்ஜியத்தில் வேறு மாதிரி. ஒரு மொழிக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட்டால் சட்டமூலம் நின்று, அமைச்சரவைக்குப் போகும். இரு மொழியாரும் சமமாக இருக்கிற அந்த அமைச்சரவை 30 நாளுக்குள் ஒரு வழி சொல்லவேண்டும். அங்கே சாவி பாதிக்கப்படுகிறவன் கையில், கதவும் நிரந்தரமாக அடைபடுவதில்லை. நமது மூன்றில் இரண்டு அப்படியல்ல. 225 பேரில் 76 பேர் சேர்ந்தால்தான் தடுக்கலாம். தமிழரும் முஸ்லிமும் மலையகமும் ஒன்றுசேர்ந்தாலும் அந்தக் கணக்கு வராது. பெரும்பான்மைக்குள் நமக்காக நிற்கிற ஆட்களும் வேண்டும், நமக்குள் விலைபோகாத ஆட்களும் வேண்டும். யாப்பில் எழுதி வாங்கமுடியாத இரண்டு விஷயங்கள் இவை.

ஆகவே "தடுக்கிற பலம் போதும்" என்பவர்களிடம் மூன்று கேள்வி கேட்போம். சொல்லைத் தாண்டி விளைவைப் பார்க்கிற பூட்டா? சாவி யாரிடம்? தடுத்த பிறகு என்ன? இதற்குப் பதிலில்லாமல் வாக்குக் கேட்டு வருகிறவர், நம் வீட்டு வாசலைக் காவல் காக்க வருகிறவரா, விற்க வருகிறவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அடுத்த நாள் அந்த வகுப்புக்குப் போய்ச் சொன்னேன்: "புள்ள, பூட்டு இருந்தது. ஆனா அதைச் செஞ்சவங்க உன் பூட்டனைக் கேட்டுச் செய்யல்ல."

பிள்ளை விடவில்லை. "இப்ப இருக்கிறத யாரைக் கேட்டு சேர் செஞ்சாங்க?"