கரை இல்லாத கடல்

எண்ணெய் வண்ணம் பழகுவதற்கு நான் எடுத்துக்கொண்ட ஓவியம் டர்னரின் ‘கடலில் மீனவர்கள்’. 1796-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் வைத்த முதல் எண்ணெய் ஓவியம் அது. இப்போது டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது. மேகத்துக்கு நடுவே நிலா, கறுத்த அலை, அதில் சாயும் படகு, படகுக்குள் சின்னதாக ஒரு விளக்கு. அச்சுப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று மாதம் வரைந்தேன்.

நகலெடுப்பது நல்ல பயிற்சிதான். அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாக இருக்க வேண்டும், மேலே போகப்போகக் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் காய்ந்த பிறகு வெடிப்பு விடும். நிலாவின் குளிர்ந்த ஒளியையும் விளக்கின் சூடான ஒளியையும் ஒரே இருட்டுக்குள் நிறுத்தியிருப்பதுதான் இந்த ஓவியத்தின் பலம். அதைக் கை தவறித் தவறித்தான் புரிந்துகொண்டேன்.

மீன் விற்றுவிட்டு வந்த அம்மா, கூடையை இறக்கிவைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தாள். “எல்லாம் சரி, கரை எங்கடி?” என்றாள்.

பாறைகள் உண்டு, கரை இல்லை. கரை இல்லாததால் அங்கே வேலை செய்யும் பெண்களும் இல்லை. மூன்று மாதம் உற்றுப் பார்த்த எனக்கு இது உறைக்கவே இல்லை. நகலெடுப்பவள் வண்ணத்தை மட்டும் கற்பதில்லை. எதைப் பார்க்காமல் விடலாம் என்பதையும் சேர்த்தே கற்கிறாள்.

ஒரு படகை வரைந்ததற்காக டர்னரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மீன்பிடி வாழ்க்கை என்றாலே படகும் ஆணும்தான் என்ற பழக்கம் ஓவியத்தோடு நிற்பதில்லை. எங்கள் ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ முறையில் பங்கு ஆண்களுக்கே. பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து நீர்நிலைகளில் இருளர் பெண்கள் தண்ணீருக்குள் இறங்கி, பறியைப் பல்லில் கவ்வியபடி, கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். படகும் வலையும் இல்லாத அவர்களுடைய உழைப்பு மீன்பிடித் தொழிலாகவே பலர் கண்ணில் படுவதில்லை.

கலைக்கூடங்களின் கதையும் இதுவே. 1768-இல் ராயல் அகாடமியை நிறுவியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரண்டு பெண்கள் இருந்தார்கள். உறுப்பினர்கள் ஆடையற்ற மாடலோடு கூடியிருப்பதாக ஸோஃபனி வரைந்த ஓவியத்தில் அந்த இருவரும் சுவரில் தொங்கும் உருவப்படங்களாக மட்டுமே இருக்கிறார்கள். டர்னர் 1789-இல், 14 வயதில், அகாடமியின் பள்ளியில் சேர்ந்தார். முதல் மாணவி லாரா ஹெர்ஃபர்ட் சேர்ந்தது 1860-இல். அதுவும் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டு அனுப்பிய படம் ஓர் ஆணுடையது என்று நினைக்கப்பட்டதால். டர்னரும் இளமையில் நகலெடுத்துப் பழகியவர்தான். அவருக்கு அது பல வழிகளில் ஒன்று. பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்களில் பலருக்கு அது ஒன்றே வழி.

அதனால் நகலெடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். முடித்த பிறகு, மீன் விற்றுவிட்டு வருகிற ஒருத்தியிடம் காட்டுங்கள். அடுத்த கித்தானில் கரையிலிருந்து தொடங்கியிருக்கிறேன். விளக்கொளியை விழவைக்கும் வித்தை டர்னரிடம் கற்றது. அது யார் முகத்தில் விழ வேண்டும் என்பதை அம்மா சொல்லிவிட்டாள்.