கழட்டுவதா, காப்பதா?

"யூரியா சிஸ்டத்தைக் கழட்டி விட்டுட்டா வண்டி நிம்மதியா ஓடுமுங்க." சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ்.-6 மாசு விதிக்கு உட்பட்ட லாரிகள் மட்டுமே விற்பனைக்கு வருகின்றன. சைலன்சர் என்று நாம் சொல்லிவந்த உருளைக்குள் இன்று கரித்தூளைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும், யூரியாக் கரைசலைக் கொண்டு நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பும் இருக்கின்றன. இவற்றைப் பராமரித்து ஓட்டுவதா, எமுலேட்டர் என்கிற சிறு பெட்டியைச் செருகிக் கம்ப்யூட்டரை ஏமாற்றிவிட்டு ஓட்டுவதா?

கழட்டச் சொல்பவர்களின் வாதத்தை முதலில் கேட்போம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. லோடோடு போகும் வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கண்டுகொள்ளாமல் ஓட்டினால் இழுவை குறைகிறது. அதற்கு மேலும் ஓட்டினால் வண்டி ஊர்ந்துதான் போகும். தவணை கட்ட வேண்டிய வண்டி நடுவழியில் இரண்டு நாள் நின்றால் நட்டம் முதலாளிக்கு. ஊர்ப் பட்டறையில் ஸ்கேனர் இருக்காது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வரிசை நிற்கும். நாமக்கல்லின் கேஸ் டேங்கர்களுக்கோ தனிச் சிக்கல். வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் நடக்கும்போது உள்ளே சூடு 550, 600 டிகிரியைத் தொடும். கேஸ் பிளான்ட் வளாகத்தில் அதைச் செய்யவே கூடாது. டிரைவர் தடுப்பு சுவிட்சைப் போட்டுவிட்டு வரிசையில் காத்திருக்கிறார், கரி சேர்ந்துகொண்டே போகிறது. 2017-இல் பி.எஸ்.-4 வந்தபோது அசோக் லேலண்ட் யூரியா தேவைப்படாத ஐ.இ.ஜி.ஆர். தொழில்நுட்ப லாரிகளைக் கொண்டுவந்தது. யூரியா தொல்லை இல்லை என்பதே ஒரு பெரிய விற்பனைக் காரணமாக இருந்த காலம் அது.

ஆனால் அடைப்பு எதனால் வருகிறது? நாமக்கல் பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில், பத்துச் சக்கர லாரியிலிருந்து கழட்டிய யூரியா இன்ஜெக்டரைக் கையில் வாங்கிப் பார்த்தேன். நுனியில் சுண்ணாம்புக் கட்டிபோல வெள்ளைப் படிவு. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. மெக்கானிக் பேசாமல் ஓரமாகக் கிடந்த கேனைக் காட்டினார். இன்ஜின் ஆயில் வந்த கேன். யூரியா ஊற்ற அதன் வாயை அறுத்துப் புனலாக்கியிருந்தார்கள். "இது தானா அடைக்கலீங்க அண்ணா, நாமதான் அடைச்சு விட்டுருக்கறோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் பாதி வழக்கு முடிந்துவிடுகிறது.

டீசல் வண்டிக்கு ஊற்றும் யூரியாக் கரைசல் என்பது 32.5 சதவீத சுத்த யூரியா, மீதி கனிமம் நீக்கிய நீர். நம் சமவெளியின் போர்வெல் தண்ணீரைக் கலந்தால் அதிலுள்ள கால்சியம் அப்படியே உள்ளே படியும். உர மூட்டையை உடைத்துக் கரைப்பவர்களும் இருக்கிறார்கள். 45 கிலோ மூட்டை வரி நீங்கலாக 242 ரூபாய் மானிய விலையில் கிடைக்கிறது என்ற ஆசைதான். 2015 முதல் அந்த யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய் எஸ்.சி.ஆர். உள்ளே போய் என்ன செய்யும் என்று யோசித்தாலே போதும். போதாததற்கு, அது ஒரு விவசாயியின் பங்கு.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 டிகிரியில் ஓராண்டு தாங்கும் கரைசல், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அடுக்கிவைத்த கேன்களுக்கு அந்த ஆயுளும் கிடையாது. வடிகட்டி அடைப்பதில் ஓட்டும் விதத்துக்கும் பங்குண்டு. பாரத்தோடு தொப்பூர் கணவாய் ஏறும் லாரிக்குப் புகைச்சூடு தானாகவே ஏறிக் கரி எரிந்துபோகிறது. பண்ணைக்குப் பண்ணை நின்று முட்டை ஏற்றும் வண்டி, இன்ஜினை அணைக்காமல் நிறுத்தும் வண்டி, இவற்றில்தான் வடிகட்டி சீக்கிரம் அடைக்கும். கரியை எரித்துவிடலாம். மலிவான இன்ஜின் ஆயில் விட்டுச்செல்லும் சாம்பலை எந்தச் சூடும் எரிக்காது. வடிகட்டியைக் கழட்டித்தான் சுத்தம் செய்ய வேண்டும். குறைந்த சாம்பல் ஆயில் கேட்டு வாங்குவது ஆடம்பரம் அல்ல.

கழட்டினால் மைலேஜ் கூடும் என்ற வாதம் எஸ்.சி.ஆர். விஷயத்தில் நிற்காது. அது இன்ஜினைத் தாண்டி, புகைக்குழாயில் இருக்கிறது. அதை நிறுத்தினால் மிச்சமாவது 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் கரைசல், அவ்வளவுதான். இழப்பது என்ன? பி.எஸ்.-4 கனரக வண்டிக்கு ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு, பி.எஸ்.-6-இல் 0.46 கிராம். அந்தக் குறைப்பு முழுவதும் வீணாகிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அதை முதலில் சுவாசிப்பவர்கள் டிரைவரும் கிளீனரும் மெக்கானிக்கும்.

ஒழுங்காகப் பராமரிக்கும் முதலாளியின் ஒரு மனக்குறையை மட்டும் நான் முழுமனதோடு ஏற்கிறேன். புகைச் சான்றுக்கு நிலையத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துப் புகையின் அடர்த்தியை மட்டும் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. அதனால் எமுலேட்டர் செருகிய வண்டியும் செலவழித்துப் பராமரித்த வண்டியும் ஒரே சான்றோடு வெளியே வருகின்றன. 2015-இல் அம்பலமான ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்ப் புகை மோசடிகூடச் சோதனைக் கூடத்தில் பிடிபடவில்லை. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் ஓடும் வண்டியில் கருவி கட்டி அளந்தபோதுதான் குட்டு உடைந்தது. தகுதிச் சான்று (எஃப்.சி.) வாங்கும் சமயத்தில் வண்டியின் கம்ப்யூட்டரை ஸ்கேனரில் படித்துப் பார்க்கும் ஏற்பாடாவது வர வேண்டும்.

என் முடிவு இதுதான்: அமைப்பில் குற்றம் குறைவு, ஊற்றுவதிலும் ஓட்டுவதிலும் குற்றம் அதிகம். டேங்கர்காரர்களின் சிக்கல் உண்மையானது. அதற்கு வழி பிளான்டுக்கு வெளியே ரீஜெனரேஷனுக்குப் பாதுகாப்பான இடம் ஒதுக்குவது, எமுலேட்டர் அல்ல. பழைய பி.எஸ்.-6 லாரி வாங்கப் போகிறவர்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது சைலன்சர் குழாய்க்குள் வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி உயிரோடு இருந்தால் துணி கறுக்காது. கரி அப்பிக்கொண்டு வந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.