கத்திரிக்காய்க் காம்பும் ரயில் நிலையச் சாப்பாடும்

1896 ஆகஸ்ட் கடைசியில், மதுரையிலிருந்து வீட்டில் சொல்லாமல் கிளம்பிய 16 வயதுப் பையன் ஒருவன் விழுப்புரத்தில் ரயிலைவிட்டு இறங்கினான். கையில் இருந்தது இரண்டரை அணா. பசித்தது. ஓர் ஓட்டலில் போய்ச் சாப்பாடு கேட்டான். மதியம்தான் ஆகும் என்றார்கள்; காத்திருந்து சாப்பிட்டு இரண்டு அணாவை நீட்டினான். உன்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று விசாரித்த கடைக்காரர், பதிலைக் கேட்டதும் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. கீழூரில் ஒரு வீட்டில் அவனைச் சாப்பிட வைத்தார்கள். காதிலிருந்த கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். அன்று கோகுலாஷ்டமி, அந்த வீட்டுப் பெண் ஒரு பலகாரப் பொட்டலமும் கொடுத்தனுப்பினார். செப்டம்பர் 1ஆம் தேதி காலை அவன் திருவண்ணாமலை ரயில் நிலையத்தில் இறங்கினான். பின்னாளில் அவன் பெயர் ரமண மகரிஷி.

இந்தக் கதையைத் துறவின் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். சாப்பாட்டின் கதையாகப் படித்தால் வேறு ஒன்று தெரிகிறது. துறப்பதற்குக் கிளம்பியவனுக்கு வழிநெடுக யாரோ இலை போட்டிருக்கிறார்கள். அதே வயதில் ஒரு பெண் விழுப்புரம் ஓட்டலில் தனியாகப் போய் மதியம் வரை உட்கார்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. அவளிடம் எவ்வளவு காசு இருக்கிறது என்பது அங்கே முதல் கேள்வியாக இருந்திருக்காது.

அதனால்தான் இன்றைய பெருநகர ரயில் நிலையங்களின் ஃபுட் கோர்ட்டை எனக்குச் சட்டென்று ஏளனம் செய்ய வருவதில்லை. உணவைப் பற்றி எழுதுகிற ஆண்கள் ஏளனம் செய்வார்கள்: ஆறிப்போன தோசை, அநியாய விலை, எல்லாக் கடையிலும் ஒரே சாம்பார். எல்லாம் உண்மைதான். ஆனால் டோக்கன் வாங்கி, பையைக் காலடியில் வைத்து, ஒரு பெண் தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது. எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கைகழுவத் தண்ணீர், பக்கத்திலேயே கழிப்பறை. ரயில் தாமதம் என்கிற காரணம் வேறு அவளுக்குத் துணை நிற்கிறது. ஊருக்குள் இருக்கிற ஓட்டலில் தனியாக உட்கார நம்மில் பலருக்கு இன்றும் ஒரு காரணம் தேவைப்படுகிறது.

ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடம் எல்லோருக்கும் எளிதாகத் திறந்துவிடவில்லை. தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களில் பிராமணர்களுக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு ஓரிடம் என்றிருந்தது. பெரியாரும் அவரது இயக்கத்தினரும் எதிர்த்துப் போராடினார்கள். 1941இல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. ஊர் ஓட்டல்களில் ‘பிராமணாள்’ என்ற பலகையை அழிக்க 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் மறியல் நடத்த வேண்டியிருந்தது. இந்தச் சண்டைகளை நான் என் சண்டைகளாகவே எண்ணுகிறேன். பெண்களுக்கு மட்டும் ஓட்டல்காரர்கள் தாங்களாகவே ஒரு பலகை வைத்தார்கள்: ‘ஃபேமிலி ரூம்’. திரைச்சீலைக்குப் பின்னால், கணவனோடும் பிள்ளைகளோடும். குடும்பம் இல்லாமல் வந்தவளுக்கு எந்த அறை என்று அந்தப் பலகை சொல்லவில்லை.

அந்தப் பையன் இறங்கிய ஊரிலும் ஒரு சாப்பாட்டுக் கூடம் உருவாயிற்று. செங்கம் சாலையில் ரமணாசிரமம் இருக்கும் இடம் அவருடைய தாய் அழகம்மாளின் சமாதி இருக்கும் இடம். 1916இல் மகனைத் தேடி வந்து தங்கிய அழகம்மாள், மலைமேல் பிச்சைச் சோற்றில் வாழ்ந்தவர்களுக்கு அடுப்பு மூட்டிச் சமைக்கத் தொடங்கினார். 1922 மே 19 அன்று இறந்தார். மகன் மலையிலிருந்து இறங்கி வந்து சமாதியருகே தங்க, சுற்றி ஆசிரமம் எழுந்தது. அதாவது சமைத்த ஒரு பெண்ணின் மேல் எழுந்த நிறுவனம் அது.

அவருக்குப் பின் ஆசிரமச் சமையற்கட்டில் நின்றவர்கள் பெரும்பாலும் பிராமணக் கைம்பெண்கள்: சாந்தம்மாள், சுப்புலட்சுமி அம்மாள், சம்பூர்ணம்மாள் இன்னும் சிலர். சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர் ஒரு பக்கம், மற்றவர் மறுபக்கம், இடையில் தடுப்பு. இரு பக்கமும் தெரியும்படி ரமணர் உட்காருவார். ரயில்வே கைவிட்ட வழக்கத்தை ஞானியின் பந்தி கைவிடாமல் இருந்தது என்பதைப் பக்தர்கள் பலவிதமாக விளக்குகிறார்கள். எனக்கு எந்த விளக்கமும் போதவில்லை. சமைத்த பெண்கள் இருட்டுவதற்குள் ஆசிரமத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்றும் விதி இருந்தது. அவர்கள் கைச்சோறு உள்ளே இருக்கலாம், இரவில் அவர்கள் இருக்கக் கூடாது.

இந்தப் பெண்களின் நினைவுக்குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. ஆண் பக்தர்கள் எழுதியவற்றைவிட இவை எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இவற்றில் உப்பு, புளி, எரியாத விறகு எல்லாம் இருக்கின்றன. சம்பூர்ணம்மாள் சொன்ன ஒன்றை மட்டும் கொஞ்சம் நின்று படிக்கலாம்.

யாரோ நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து தருகிறார்கள். நாள் கணக்கில் கத்திரிக்காயே சமையல். நறுக்கிப்போட்ட காம்புகள் மூலையில் குவிந்து கிடக்கின்றன. அவற்றையும் கறியாக வை என்கிறார் ரமணர். மாடுகூடத் தின்னாதே என்று திகைத்தாலும், காய்ந்த பட்டாணியோடு சேர்த்து வேகவைக்கிறார் சம்பூர்ணம்மாள். ஆறு மணி நேரமாகியும் வேகவில்லை. எட்டிப்பார்த்துக் கறி எப்படி இருக்கிறது என்று கேட்ட ரமணரிடம், நாங்கள் வேகவைப்பது காயையா, இரும்பு ஆணியையா என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். ரமணர் கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் காம்பு மெத்தென்று வெந்துவிடுகிறது. பந்தியில் எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ரமணர் மட்டும் போட்டதை மருந்துபோல ஒரு வாயில் விழுங்கிவிட்டு, மறுபடி வேண்டாம் என்கிறார். சம்பூர்ணம்மாளுக்கு மனசு வாடிப்போகிறது. மறுநாள் யாரிடமோ ரமணர் சொன்னது அவர் காதுக்கு வருகிறது: சாப்பிடுகிற எல்லோரும் நானே என்று அவளுக்குத் தெரியாதா, சமைத்தவரோ சாப்பிட்டவரோ முக்கியமில்லை, சமைப்பதுதான் முக்கியம், அன்போடு கவனமாகச் செய்த வேலைக்கு அந்த வேலையே பலன்.

பக்தர்கள் இதில் அந்த ஒரு கிளறலைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த ஆறு மணி நேரம் தெரிகிறது. ஆறு மணி நேரம் எரிந்த அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரத்தில் எதுவும் வெந்துதான் போகும். அற்புதம் கரண்டி பிடித்த கைக்குப் போயிற்று, விறகு தள்ளியவள் சாட்சியானாள். நம் வீடுகளிலும் இப்படித்தானே. வருஷத்தில் ஒருநாள் அப்பா வைத்த ரசம் இன்றுவரை குடும்பக் கதை. அம்மா வைத்த ரசத்துக்குக் கதையே கிடையாது.

ஆனாலும் இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. சம்பூர்ணம்மாள் வாய்மூடி நிற்கவில்லை. அந்தக் காலத்தில் கைம்பெண்ணாகி அண்ணன் வீட்டிலோ மைத்துனன் வீட்டிலோ ஒடுங்கியவளும் இதே சமையலைத்தான் செய்தாள், நன்றியும் பேச்சும் சிரிப்பும் இல்லாமல். இங்கே அவள் தானாகத் தேடி வந்து அடுப்பருகே நின்றாள். விடியுமுன்பே எழுந்து வந்து காய் நறுக்கி, அம்மியில் அரைத்த ஓர் ஆண் அவள் பக்கத்தில் இருந்தார். அது 1930களில் எத்தனை சமையற்கட்டில் நடந்தது? ரமணர் அந்த வாக்கியத்தைச் சொல்லத் தகுதி உள்ளவர் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அவர் சமைத்தார். சமைக்காதவர்கள் அதை எடுத்துக்கொள்ளும்போதுதான் எனக்கு இடிக்கிறது. சமைத்தவள் முக்கியமில்லை என்பது, சமைக்கிற வாயிலிருந்து வந்தால் பணிவு; இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் வாயிலிருந்து வந்தால் சௌகரியம். சாப்பிட்டவரும் முக்கியமில்லை என்ற பாதியை அவர்கள் கவனமாக மறந்துவிடுகிறார்கள்.

எச்சம்மாளின் கதை இதற்கு எதிர்த்திசையில் போகிறது. கணவனையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு ரமணரிடம் வந்த அவர், ஏறத்தாழ 38 ஆண்டுகள், 1945இல் தாம் சாகும்வரை, தன் வீட்டில் சமைத்து எடுத்துவந்து கொடுத்தார். ஆசிரமத்துக்கென்று சமையற்கட்டு வந்த பிறகும் நிறுத்தவில்லை. தன் அடுப்பு, தன் பாத்திரம், தன் கை. சமைத்தவள் முக்கியம் என்று வாதாடவில்லை. தினமும் தூக்குடன் வந்து நின்றார்.

இன்று ஆசிரமக் கூடத்தில் தரையில் இலை போட்டுப் பரிமாறுகிறார்கள். பெண்கள் ஆசிரம விடுதியில் இரவு தங்கலாம். வெளியே செங்கம் சாலையில் வெள்ளைக்காரப் பெண்கள் தனியாக உட்கார்ந்து, மணிக்கணக்காக ஒரு காபியோடு புத்தகம் படிக்கிறார்கள். நம்மூர்ப் பெண் அதே மேசையில் அப்படி உட்கார்ந்தால் பார்வை மாறிவிடும். பௌர்ணமி இரவில் மட்டும் அது மாறுவதில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலம், பாதி ராத்திரி, தனியாகவும் கூட்டமாகவும் நடக்கிற பெண்கள் வழியில் அன்னதானப் பொங்கலைத் தொன்னையில் வாங்கி நின்றபடி சாப்பிடுகிறார்கள். ரயில் தாமதம்போல, சாமியும் ஒரு காரணம்.

மறுபடியும் ஃபுட் கோர்ட். அங்கே தோசைக்கல் முன்னால் நிற்கிற மாஸ்டர் ஆண், புரோட்டா வீசுகிறவர் ஆண், கல்லாவிலும் பெரும்பாலும் ஆண். சம்பளம் வந்ததும் சமையல் ஆண் தொழிலாகிவிடுகிறது. பெண்கள் இல்லாமல் இல்லை. நீலச் சட்டை போட்டு, மேசை துடைத்து, எச்சில் தட்டு எடுத்துப் போகிறார்கள். இந்தக் கட்டுரைக்காகப் போனமுறை ஒரு பெருநகர நிலையத்தில் அப்படித் தட்டெடுக்க வந்த அக்காவிடம், நீங்கள் எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன்.

“மூணு மணிக்கு மேல ஆயிரும்மா. கூட்டம் கொறையணுமே.”

“இங்கேயே உட்கார்ந்தா?”

“இங்கேயா?” என்று என் நாற்காலியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என் தட்டை எடுத்து, மேசையைத் துடைத்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போனார்.