பூமியைச் சாய்க்கும் இரண்டு விரல்கள்

வீடியோ கேம் நாயகனுக்கு ஓட வேண்டும், தாவ வேண்டும், எதிரியை அடிக்க வேண்டும். ‘லோகோரோகோ’வின் நாயகனுக்கு இவற்றில் ஒன்றுக்கும் வக்கில்லை. அது ஒரு மஞ்சள் உருண்டை. பெயர் குல்சே. கையும் காலும் கிடையாது; இரண்டு கண், ஒரு வாய், ஓயாத பாட்டு, அவ்வளவுதான். அதை நாம் நகர்த்துவதும் இல்லை. அது நிற்கிற பூமியைச் சாய்க்கிறோம். எல் பட்டனை அழுத்தினால் உலகம் இடப்பக்கம் சாயும், உருண்டை அந்தப் பக்கம் உருளும். ஆர் பட்டன் வலப்பக்கம். இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டால் துள்ளும். பிரிக்கவும் சேர்க்கவும் இன்னொரு பட்டன். மொத்த விளையாட்டும் இதற்குள் அடக்கம்.

திருவிழாக் கடைகளில் ஒரு பிளாஸ்டிக் டப்பா விற்பார்கள். உள்ளே பொடி இரும்புக் குண்டுகள் ஓடும். சாய்த்துச் சாய்த்துக் குழிக்குள் இறக்க வேண்டும். லோகோரோகோ அதற்குப் பேரன் முறை. ஆனால் இரும்புக் குண்டுக்குப் பயம் கிடையாது, பசி கிடையாது. குல்சேவுக்கு உண்டு. பள்ளத்தில் விழும்போது கத்தும், பழம் கிடைத்தால் வாயைப் பிளக்கும், மோஜா என்ற கறுப்பு எதிரி நெருங்கினால் முகம் கோணும். நாம் சாய்த்ததற்கு அது படும் பாட்டைப் பார்த்து, நமக்கே விரலில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

2006-இல் சோனியின் பி.எஸ்.பி. கையடக்கக் கருவிக்காக வந்த விளையாட்டு இது. வடிவமைத்தவர் ஜப்பான் ஸ்டூடியோவின் ட்சுடோமு கோனோ. அதற்கு முன் ‘ஈக்கோ’, ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ இரண்டிலும் வேலை பார்த்தவர். அவற்றை ஆடியவர்களுக்குத் தெரியும்: ஆளரவமற்ற கோட்டை, வெறிச்சோடிய சமவெளி, தொண்டையை அடைக்கும் தனிமை. அந்தப் பட்டறையிலிருந்து இப்படியொரு கும்மாளம் வந்ததை முரண் என்று பலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டிலும் பாத்திரங்கள் பேசுவது உலகத்தில் எங்கும் இல்லாத மொழி. லோகோரோகோவின் பாட்டும் அப்படித்தான். காதுக்குச் சுவையாகப் பட்ட ஒலிகளை ஜப்பானிய கட்டகானா எழுத்தில் பட்டியல் போட்டு, கலந்து, கோனோ உருவாக்கிய மொழி அது. எந்த ஊர்ப் பிள்ளையும் கூடப் பாடலாம். எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அர்த்தம் தெரியாது. 2006-இல் பாஃப்டா விருதுகளில் சிறந்த குழந்தைகள் விளையாட்டு, சிறந்த பாத்திரம் என்று இரண்டு விருதுகள் கிடைத்தன.

இந்த விளையாட்டின் முதல் கோட்டோவியங்களைக் கோனோ ரயிலில் போகும்போது தன் கைக்கணினியில் வரைந்தார் என்பது தாம்பரத்துக்காரனான எனக்குப் பிடித்த தகவல். 1931-இலேயே மின்சார ரயில் கண்ட தடம் எங்களுடையது. பீச் ஸ்டேஷனை ஒட்டிய பர்மா பஜாரில்தான் பி.எஸ்.பி.யை முதன்முதலில் கையில் வாங்கிப் பார்த்தேன். அதே தடத்தில்தான் அதை ஆடியும் தீர்த்தேன். தாம்பரத்தில் ஜன்னல் சீட்டுப் பிடித்து, சானடோரியம் தாண்டி ஒரு லெவலைத் தொடங்கினால், திரிசூலத்தில் ஏர்போர்ட் கூட்டம் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். கிண்டியில் நெரிசல் வந்தால் மடியில் கவிழ்த்து வைத்துவிடலாம். ரயிலில் பிறந்த விளையாட்டுக்கு ரயிலின் அளவு தெரிந்திருந்தது.

அதே லோகோரோகோவை மெருகேற்றி 2017 மே மாதம் பி.எஸ்.4-க்குக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் பாகம் அதே ஆண்டு டிசம்பரில் வந்தது. இப்போது வீட்டு டிவியில் மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறேன். பெரிய திரை முதலில் காட்டிக்கொடுப்பது ஓவியத்தின் யோக்கியதையை.

பி.எஸ்.பி. திரை 480-க்கு 272 புள்ளிகள். முழு எச்.டி. திரையில் அதைப்போல கிட்டத்தட்ட 16 மடங்கு புள்ளிகள். இந்த உருப்பெருக்கத்தைத் தாங்குவது லேசில்லை. அந்தக் காலத்து பி.எஸ்.பி. விளையாட்டுகளில் பல, பெரிய கன்சோலின் முப்பரிமாணத்தைச் சின்னத் திரைக்குள் திணிக்கப் பார்த்தவை. அவற்றைப் பெரிதாக்கினால் சுவரெல்லாம் மங்கும், முகமெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். லோகோரோகோவில் அந்த ஜம்பமே இல்லை. தட்டையான வண்ணம், வளைந்த விளிம்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு குன்று என்றால் ஒரே பச்சை. அதன் பின்னால் இன்னும் வெளிறிய பச்சையில் இன்னொரு குன்று. நிழல் போட்டு ஏமாற்றவில்லை, ஆகவே வெளுக்கவும் இல்லை. முதல் மாடல் பி.எஸ்.பி.யில் வேகமாக ஓடும் உருவம் லேசாக இழுபட்டுத் தெரியும். வெயில் பட்டால் பாதித் திரை போய்விடும். அன்று ரயிலில் நான் பார்த்தது பாதி ஓவியம்தான் என்று இப்போது தெரிகிறது.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பாருங்கள். பழம் தின்னத் தின்ன குல்சே பருத்துக்கொண்டே போகும். ஒரு லெவலில் அதிகபட்சம் 20 உருண்டைகளின் பருமன். குறுகலான சந்து வரும். பெரிய உடம்பு அதில் நுழையாது. பட்டனைத் தட்டினால் ஒரு குண்டன் 20 பொடிசுகளாகச் சிதறுவான். அவை ஒன்றை ஒன்று இடித்து, மேலேறி, வழுக்கி, சந்துக்குள் கொட்டும். ஒன்று கடைசியில் முட்டிக்கொண்டு நிற்கும், பின்னால் வருவது தள்ளிவிடும். மறுபக்கம் போய் பட்டனை அழுத்திப் பிடித்தால் எல்லாம் ஓடிவந்து ஒட்டி மறுபடி ஒரே குண்டன். சின்னத் திரையில் இது மஞ்சள் பொரி சிதறுவதாக மட்டும் தெரிந்தது. டிவியில் ஒவ்வொரு பொடிசுக்கும் தனித்தனியாகக் கண் உருள்வது தெரிகிறது. உடம்பு நசுங்கி மீளும் பதம் அப்படியே இருக்கிறது. இந்தப் பதத்தில் கொஞ்சம் இறுகியிருந்தால் உருண்டை வெறும் பந்து. கொஞ்சம் இளகியிருந்தால் வெறும் கூழ்.

பாட்டும் அப்படியே. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், கறுப்பு என்று நிறத்துக்கு ஒரு குரல். ஆடும் உருண்டை மாறினால் பாடகரே மாறிவிடுவார். ஸ்பீக்கரில் கேட்டால் ஹாலே கொண்டாட்டமாகிறது.

பெரிய திரையில் போனது ஒன்றும் உண்டு, அது சின்ன இழப்பல்ல. பி.எஸ்.பி.யில் எல், ஆர் பட்டன்கள் திரையின் இரண்டு மேல் மூலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும். இடது விரல் அழுத்தும் மூலைப் பக்கமே உலகம் இறங்கும். கருவிக்குள் சாய்வை உணரும் சென்சார் கிடையாது. ஆனாலும் உலகத்தைக் கையால் பிடித்துச் சாய்க்கிறோம் என்று உடம்பு நம்பியது. டிவியில் பட்டன் மடியில், உலகம் சுவரில். விரலுக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு சோபாவின் தூரம். 2007-இல் பி.எஸ்.3-க்கு வந்த ‘லோகோரோகோ கோகோரெச்சோ’வில் கன்ட்ரோலரையே சாய்த்து ஆட வைத்தார்கள். அதில் கை சாய்ந்தது, பார்க்கும் திரை சாயவில்லை. மூலையைத் தொட்டு உலகத்தை இறக்கிய அந்த நெருக்கம் பி.எஸ்.பி.க்கு மட்டுமே வாய்த்தது.

அதற்கு ஈடாகப் பெரிய திரை தந்தது பார்வையாளர்களை. சேலையூரிலிருந்து வரும் அண்ணன் மகள் நான் ஆடும்போது கூடவே சாய்கிறாள்.

“சித்தப்பா, இந்தப் பக்கம் சாயுங்க! பாவம், அது அங்கயே மாட்டிக்கிச்சு!”

“நான் எங்கடி சாயறது? பட்டன்தான் சாய்க்குது.”

“நீங்களும் சேர்ந்து சாஞ்சாதான் போகும்!”

அவள் சொல்வது நடைமுறையில் தப்பு. ரசனையில் முழுக்கச் சரி.

குறையும் இருக்கிறது. சுமார் 40 லெவல்களில் சவால் குறைவு. லெவலின் கடைசிவரை போய்ச் சேர்வது பெரும்பாலும் சுலபம். ஒளிந்திருக்கும் மூயிமூயி என்ற குட்டி உருவங்களையும் பழங்களையும் ஒன்று விடாமல் தேடினால்தான் திறமைக்கு வேலை. அந்தத் தேடலில் ஒரே பாதையைத் திரும்பத் திரும்ப உருள வேண்டியிருக்கும். ரயிலின் அளவுக்கு வெட்டிய துணியை ஞாயிற்றுக்கிழமை முழுதும் உடுத்த முடியாது. மூன்றாவது மணி நேரத்தில் அந்தக் குதூகலமே திகட்டும்.

ஆகவே என் சிபாரிசு இதுதான். பி.எஸ்.4 அல்லது பி.எஸ்.5 வைத்திருப்பவர்கள் முதல் பாகத்திலிருந்து தொடங்குங்கள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் இரண்டு லெவல், சத்தத்தைக் கூட்டி வைத்து, பக்கத்தில் ஒரு குழந்தையோடு. 2021-இல் சோனி ஜப்பான் ஸ்டூடியோவைக் கலைத்துச் சீரமைத்தது; பெரிய நிறுவனப் பணத்தில் இவ்வளவு சின்ன யோசனைக்கு இவ்வளவு கவனம் கிடைப்பது அதற்கு முன்பே அரிதாகிவிட்டது. இன்று நூறு கோடிக் கணக்கில் செலவழித்து முடியிழையை எண்ணி வரைகிறார்கள். மூணு பட்டனும் தட்டை வண்ணமும் வைத்துக்கொண்டு, கை கால் இல்லாத உருண்டைக்காக நம்மைப் பதற வைப்பது அதைவிடக் கஷ்டமான வேலை. கோனோவும் குழுவும் அதைச் செய்து முடித்திருக்கிறார்கள். 16 மடங்கு பெரிதாக்கியும் ஒரு இடத்திலும் பிசிறவில்லை.