கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்!

போன மாதம் கோம்பைக்குப் போயிருந்தேன். தேனி மாவட்டத்தில், உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில் இருக்கும் என் சொந்த ஊர். 'கோம்பை நாய்' என்று கேள்விப்பட்டிருப்பீர்களே... அந்தக் கோம்பைதான்!

இந்த வாரம் விஷயம் நாய் இல்லை. கிரைண்டர்.

அம்மா வீட்டில் மொத்தம் மூன்று கிரைண்டர்கள். ஒன்று, 1988-ல் அப்பா வாங்கியது. இரும்பு ஸ்டாண்டு, இடுப்பு உயரம், தூக்க ரெண்டு ஆள் வேணும். இரண்டாவது, 2011-ல் தொடங்கிய விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் ரேஷன் கார்டுக்குக் கிடைத்த டேபிள் டாப். மூன்றாவது, நாலு வருஷத்துக்கு முன்பு நான் சென்னையிலிருந்து பெருமையாகத் தூக்கிக்கொண்டு போனது. பளபள பாடி, டிஜிட்டல் டைமர், மாவு அரைந்ததும் 'பீப் பீப்' என்று கூப்பிடும்.

இந்த மூன்றில் எது ஓடவில்லை என்று கரெக்டாகச் சொல்பவர்களுக்குப் பரிசெல்லாம் கிடையாது. அவ்வளவு சுலபமான கேள்வி!

கம்பெனிக்கு போன் போட்டேன். "மோட்டாருக்கு அஞ்சு வருஷம் வாரன்டி இருக்கு சார்" என்றார்கள். சந்தோஷம். ஆனால், உடைந்தது மோட்டார் இல்லை. அடியில் டிரம்மைச் சுற்றுகிற ஒரு பிளாஸ்டிக் பாகம். அதற்கு ஒரு வருஷம்தானாம். சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றால், "அந்த மாடல் நின்னுபோச்சு சார். எக்ஸ்சேஞ்ச்ல புதுசு தர்றோம்" என்று பதில்.

கிரைண்டரைக் கட்டி எடுத்துக்கொண்டு உத்தமபாளையம் ரோட்டில் இருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வாங்கினார். சுவிட்சைப் போட்டுப் பார்க்கவில்லை. நேராகக் கவிழ்த்தார்.

"தம்பி, இதுல ஸ்க்ரூ எங்க இருக்கு?"

தேடினேன். இல்லை. எல்லாம் லாக் வைத்து அழுத்தி மூடியிருந்தது.

"திறக்க வேணாம்னு முடிவு பண்ணித்தான் செஞ்சிருக்கான். நான் திறந்தா உடையும். உடைஞ்சா நீங்க என்னைத் திட்டுவீங்க. எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

ஒரு பொருளைப் பற்றி நான் கேட்ட மிகச் சுருக்கமான விமர்சனம் அதுதான்!

*

பழைய கிரைண்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் இட்லி மாவுக்கு மின்சாரம் கொடுத்த புண்ணியவான் கோயம்புத்தூர் பி.சபாபதி. 1955-ல் அவர் செய்ததுதான் வெட் கிரைண்டருக்குத் தொடக்கம் என்பார்கள். ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும். அவர் அதைத் தலைகீழாக்கினார். குழவி நிற்க, கல் சுற்றியது. கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கம், மோட்டாருக்குக் கோவை. அந்த ஊரில் 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்துவிட்டார்கள். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்குப் பின்னாளில் புவிசார் குறியீடே கிடைத்தது.

எங்கள் வீட்டு 1988 மாடலைப் பாருங்கள். ஒரு மோட்டார், ஒரு பெல்ட், ரெண்டு புல்லி, ரெண்டு பேரிங், ஒரு கண்டன்சர். அவ்வளவுதான் உள்ளே. பெல்ட் தேய்ந்தால் கத்தும். கண்டன்சர் போனால் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகும், சுற்றாது. பேரிங் போனால் கடகடக்கும். என்ன கோளாறு என்பதை மிஷினே வாய்விட்டுச் சொல்லிவிடும். கேட்கக் காது இருந்தால் போதும்.

அந்தக் காது கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ரெண்டு பேருக்காவது உண்டு. காரணம், திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும். கிணற்றுக்குக் கிணறு பம்ப்செட். பம்ப்செட் மோட்டார் எரிந்தால் காயில் கட்டக் கடை வேண்டும். தோட்டத்து மோட்டாரைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு அடுப்படி மோட்டார் எம்மாத்திரம்? கிரைண்டர் என்பது பம்ப்செட்டின் தங்கச்சி மாதிரி. அதனால்தான் அது பிழைத்தது. இரும்பு கெட்டியாக இருந்தது பாதிக் காரணம். பக்கத்துத் தெருவில் வைத்தியர் இருந்தது மீதிக் காரணம்.

கல் தேய்ந்தாலும் வைத்தியம் உண்டு. அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவார். திண்ணையில் உட்கார்ந்து உளியால் டொக்டொக் என்று கொத்திக் கொடுத்தால், கல்லுக்குப் பழைய சொரசொரப்பு வந்துவிடும்.

*

இந்த இடத்தில் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விட்டுக் கட்டுரையை முடித்திருப்பேன். அம்மா விடவில்லை.

"ஏண்டா, அந்தக் கிரைண்டரை நீ என்னைக்காவது கழுவியிருக்கியா?" என்று கேட்டார்.

இல்லை.

"குழவியைத் தூக்கி வச்சிருக்கியா? அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கித்தான் என் இடுப்பே போச்சு. ஒரு உழக்கு அரிசி போட்டா அடியில ஒட்டிக்கிட்டு அரையவே அரையாது. ஓடுதுன்னா மட்டும் நல்ல மிஷினா?"

பதில் இல்லை. பழைய மிஷின்களைப் புகழ்ந்து எழுதுகிற என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் அதைக் கழுவாதவர்கள்! சாய்த்து ஊற்றுகிற மாடல் வந்ததும், மேஜை மேல் வைக்கிற மாடல் வந்ததும் சும்மா ஃபேஷனுக்காக அல்ல. நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலு பேருக்கான கிரைண்டர் வேண்டும். முதுகு வளையாமல் மாவு எடுக்க வேண்டும். இந்த விஷயத்தில் புதுசுக்குத்தான் முழு மார்க்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1988-ல் விற்ற எல்லா கிரைண்டரும் இன்று ஓடவில்லை. ஓடாதவை எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பதைப் பார்த்து 'அந்தக் காலத்துப் பொருளே தனி' என்கிறோம். எண்பது வயசுத் தாத்தாவைப் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லோரும் திடமாக இருந்தார்கள் என்று சொல்வது மாதிரிதான்.

சரி, நான் படித்தது பி.காம். கொஞ்சம் தேய்மானக் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

அப்பா கொடுத்த விலை அவருடைய ஒன்றரை மாதச் சம்பளம். 45 நாள் உழைப்பு என்று வையுங்கள். 37 வருஷத்தால் வகுத்தால், வருஷத்துக்கு ஒன்றேகால் நாள். நான் கொடுத்தது 7,400 ரூபாய். என் சம்பளத்தில் ஆறு நாள். நாலு வருஷத்தால் வகுத்தால், வருஷத்துக்கு ஒன்றரை நாள். பழசுக்கு மாற்றிய பெல்ட், காயில் கட்டிய செலவெல்லாம் சேர்த்தால் ரெண்டும் ஏறக்குறைய சமம்!

அதிர்ச்சியாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது. புதுசு சீக்கிரம் செத்தாலும் என் பாக்கெட்டுக்குப் பெரிய அடி இல்லை. 'ரிப்பேர் எதுக்கு சார், புதுசு வாங்கிக்கங்க' என்று கம்பெனி தைரியமாகச் சொல்வது இந்தக் கணக்கை நம்பித்தான்.

ஆனால், அம்மா வீட்டுக்கு எதிர் வீட்டு அக்கா திராட்சைத் தோட்டத்தில் தினக்கூலி. அவருக்கு இதே 7,400 ரூபாய் அரை மாதக் கூலிக்கு மேல். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அரை மாதக் கூலியை மாவுக்காகக் கொடுக்க முடியுமா? தூக்கிப் போடுகிற மிஷின் என் மாதிரி மாதச் சம்பளக்காரனுக்குச் சௌகரியம். அவருக்கு அது தண்டம். ஒரே மிஷினுக்கு ஆளுக்கு ஒரு விலை!

அந்த அக்கா எப்படிச் சமாளிக்கிறார்? அதே விலையில்லா கிரைண்டர்தான். அது ஒன்றும் தேவலோகத்துத் தயாரிப்பு இல்லை. சாதாரண மிஷின்தான். ஆனால், தெருவில் வீட்டுக்கு வீடு அதே மாதிரி ஒன்று இருக்கிறது. ஒன்று செத்தால் அதன் உடம்பிலிருந்து இன்னொன்றுக்கு உறுப்பு தானம் நடக்கிறது. காயில் கடைக்காரர் நூறு தடவை திறந்து பார்த்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டே பிரிப்பார். நான் வாங்கிய உயர்ரக மாடலோ ஊரில் ஒண்டிக்கட்டை. அதற்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. செத்தால் தூக்க ஆளில்லை.

*

கிரைண்டரோடு முடிகிற கதை இல்லை இது. 2020 லாக்டவுனில் வேலைக்கு ஆள் வராமல் போனதும் நகரத்தில் பல வீடுகள் பாத்திரம் கழுவும் மிஷினைத் தேட ஆரம்பித்தன. சென்னையில் என் தங்கையும் ஒன்று வாங்கினாள். அதன் பூர்வீகம் அமெரிக்கா. ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி 1886-ல் காப்புரிமை வாங்கி, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டிய மிஷின் அதன் பாட்டி. கம்பிக் கூடையில் தட்டை அடுக்கு, வேகமாகத் தண்ணீரை அடி... இன்றும் இதுதான் தத்துவம்.

பழைய மாடல்களில் ஒரு டைமர் குமிழ் இருக்கும். டிக் டிக் என்று சுற்றும். அது போனால் அதை மட்டும் மாற்றலாம். தண்ணீரை மட்டும் கணக்கில்லாமல் குடிக்கும். புதுசில் தண்ணீர் எவ்வளவு அழுக்காகிவிட்டது என்பதை சென்சார் பார்க்கிறது. பத்துப் பன்னிரண்டு லிட்டரில் வேலையை முடிக்கிற மாடல்கள் வந்துவிட்டன. சத்தமும் குறைவு. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் சென்னையில் இதைக் குறை சொன்னால் பாவம். ஆனால், மூளையெல்லாம் ஒரே போர்டில். தங்கை வீட்டு போர்டு போனது. மூணு வாரம் காத்திருந்தாள். வந்த பில்லைப் பார்த்துவிட்டு, "இதுல பாதி மிஷின் வாங்கியிருக்கலாம் அண்ணே" என்றாள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஐரோப்பிய யூனியன் 2021 மார்ச்சிலிருந்து ஒரு விதியை அமல்படுத்தியது. அங்கே விற்கும் டிஷ்வாஷர் மாடல் நின்றுபோனாலும், மோட்டார், பம்ப் போன்ற பாகங்கள் மெக்கானிக்குகளுக்கு ஏழு வருஷம் கிடைக்க வேண்டும். கதவுக் கீல், கூடை, ரப்பர் சீல் போன்றவை பத்து வருஷம். அதுவும் கேட்டு 15 வேலை நாளுக்குள்! சென்சார் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. சென்சார் வை, ஸ்பேர் பார்ட்ஸும் வை என்கிறார்கள்.

நம் ஊரில் 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் திறந்தது. கம்பெனிகள் தங்கள் சர்வீஸ் விவரங்களை ஓரிடத்தில் தரும் ஏற்பாடு. நல்ல ஆரம்பம்தான். ஆனால், விவரம் கொடுப்பது வேறு, பாகம் கொடுப்பது வேறு. உத்தமபாளையம் ரோட்டுக் கடைக்கு வேண்டியது வெப்சைட் இல்லை... ஒரு பிளாஸ்டிக் பாகம்!

மிஷின் ரிப்பேர் ஆவது குற்றமே இல்லை. மனுஷனே ஆகிறான். 'என்னைத் திறக்காதே' என்று மிஷின் சொல்வதுதான் குற்றம்.

அதனால், அடுத்த முறை கடைக்குப் போகும்போது கலரையும் பட்டன்களையும் அப்புறம் பாருங்கள். முதலில் அந்த சாம்பிள் பீஸைக் கவிழ்த்துப் பாருங்கள். ஸ்க்ரூ இருக்கிறதா? வாரன்டி எதற்கு, எதற்கு இல்லை? மாடல் நின்றுபோனால் பார்ட்ஸ் எத்தனை வருஷம் கிடைக்கும்? இந்த மூன்றையும் கேளுங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். பத்துப் பேர் கேட்டால் அவர் மேனேஜரிடம் சொல்வார். ஆயிரம் பேர் கேட்டால் கம்பெனி காதில் விழும்.

ஊரிலிருந்து கிளம்பும்போது கேட்டேன், "என் கிரைண்டரை என்னம்மா பண்றது?"

"டிரம் நல்லாத்தான்டா இருக்கு" என்றார் அம்மா.

போன வாரம் போனில் சொன்னார். அதில் கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறாராம். நன்றாகத் துளிர்த்திருக்கிறதாம்.

7,400 ரூபாய்க்குப் பூந்தொட்டி வாங்கிய முதல் ஆள் கோம்பையில் நானாகத்தான் இருப்பேன்!